முருங்கைப் போத்து பிழைத்ததா?

நாற்பது வயதுக்கு மேல் நான் மறுபடியும் ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கதை எழுதக் கற்றுக்கொள்ளும் வகுப்பு. அந்தமானில், போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட்டில், ஒரு வீட்டின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. மேலே தகரக் கூரை. மழை வலுத்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. விடும்வரை டீ குடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். மழைக்காலத் தொடக்கத்தில் சேர்ந்ததால், முதல் சில வாரங்களில் கதையைவிட டீதான் அதிகம் ஓடியது.

வகுப்பை நடத்தியவர் மெயின்லேண்டிலிருந்து கல்லூரியில் பாடம் எடுக்க வந்திருந்த இளைஞர். எங்களில் மூன்று பேரைவிட வயதில் சின்னவர். ‘சார்’ என்று கூப்பிட்டால் நெளிவார். அதற்காகவே நாங்கள் அப்படிக் கூப்பிட்டோம்.

மாணவர்கள் நாங்கள் நாலு பேர். நான் ஆஸ்பத்திரி லேபில் இரத்தப் பரிசோதனை செய்பவள். பகல் முழுக்க யார் யாருடைய இரத்தத்தையோ பார்த்து இது கூடுதல், இது குறைவு என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. பெரார்கஞ்சில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், தூத்துக்குடிக்காரர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். மூன்றாமவள் கச்சால் தீவிலிருந்து வந்து இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் கல்லூரிப் பெண். அவளுடைய தாத்தா காலத்தில் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். அப்பாவும் ரப்பர் வேலைதான். நாலாவது ஒரு வங்காளிப் பெண்மணி, தமிழரைக் கல்யாணம் செய்துகொண்டவர். தமிழ் எழுத்துகளைத் தன் மகனோடு சேர்ந்து ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் படித்தவர். அவரை எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்போம். அவரும் எங்களில் பெண்களைத் தீதி என்பார், ஆண்களைப் பையா, அண்ணா, என்பார்.

வகுப்பில் ஒரே ஒரு விதி. ஒருவர் கதையைப் படித்து முடித்ததும், மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது.

“பத்திரிகையில வந்தா நீங்க ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விளக்கம் சொல்ல முடியுமா? அதான்” என்றார் சார்.

நியாயம்தான் என்று தலையாட்டினேன். அன்றைக்கு என் முறை இல்லை.

என் முறை வந்தபோது, நாலு பக்கங்களில் ஒரு கதை கொண்டுபோனேன். எல்லோருக்கும் ஜெராக்ஸ் எடுத்திருந்தேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வரும் கப்பல். மேல்தளத்தில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள். கணவனைப் பிரிந்து வருகிறாள். நிலா. அலை. அவள் கண்ணீர். மூன்றாம் பக்கத்தில், கீழே அடுக்குப் படுக்கைகள் போட்ட பங்க் வகுப்பில் பயணம் செய்யும் ஓர் அம்மாள் காற்று வாங்க மேலே வருகிறாள். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு முருங்கைப் போத்துகள், நட்டு வளர்ப்பதற்காக ஊரிலிருந்து வெட்டிக் கொண்டுவருகிற கிளைத் துண்டுகள். “கரை எப்பம்மா தெரியும்?” என்று கதாநாயகியைக் கேட்டுவிட்டு, பதில் வருமுன் வாந்தி எடுக்கப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் அவள் பங்கு. பிறகு மறுபடியும் நிலா, அலை, கண்ணீர். ‘உயிர் குடித்த கடலே, என் துயரையும் குடி’ என்ற வரியோடு கதை முடியும். அந்த வரியை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவ்வளவு பெருமை.

குரல் நடுங்காமல் படித்து முடித்தேன். எல்லோரும் குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கச்சால் பெண்தான் முதலில் கேட்டாள். “அக்கா, அந்த முருங்கைப் போத்து பொழச்சுச்சா?”

நான் வாயைத் திறந்தேன். சார் உதட்டில் விரல் வைத்தார்.

“அதான் நானும் கேக்கணும்னு நெனச்சேன்” என்றார் அண்ணன். “மூணு நாள் உப்புக் காத்துல கொண்டாரணும்லா. வெட்டுன எடத்துல சாணி அப்பியிருக்கணும். வெறும் சாக்கு மட்டும்னா காஞ்சிருமே.”

“சாக்கு கீலா தானே, ஈரம்?” என்றார் தீதி. “ஈரம் இருந்தா சலேகா, போதும். என் மாமியார் கறிவேப்பிலச் செடி அப்படித்தான் கொண்டுவந்தாங்க, ஹேண்ட்பேக் உள்ள.”

அதற்குப் பிறகு யார் எதைக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று பேச்சு எங்கேயோ போய்விட்டது. அண்ணன் கல்யாணமான புதிதில் ஒரு ஆட்டுக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். என் கதாநாயகி மேல்தளத்தில் தனியாக நின்றுகொண்டே இருந்தாள். அவளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சார்தான் இரக்கப்பட்டு, “மெயின் கேரக்டர் பத்தி?” என்றார்.

தீதி தயங்கினார். “கதை அச்சா ஹை, தீதி. லேகின் இந்தப் பொண்ணு எதுக்கு இவ்ளோ ரோனா-தோனா? பேஜுக்குப் பேஜ் அழுதுட்டே இருக்கு. நான் அழறதுக்கு முன்னாடி அதுவே ரோ லியா. எனக்கு மிச்சம் இல்ல.”

“தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன்” என்றார் அண்ணன். “ராத்திரிச் சாப்பாட்டு நேரம்னு எழுதியிருக்கீங்க. கப்பல்ல சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா ஒருத்தரும் நிலாவப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க. தட்டத் தூக்கிட்டு லைன்ல நிப்பாங்க. பொறவு மல்லிப்பூ வாசன வந்துச்சுங்கீங்க. டீசல் வாசனதான் வரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது என் முகம் மட்டும் செய்த வேலை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார், “என்ன சொன்னாங்க?”

“முருங்கையப் பத்திப் பேசினாங்க.”

“சாம்பாருக்கா?” என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்குச் சாம்பார் கிடையாது, ரசம்தான்.

குறிப்பெழுதித் திருப்பிக் கொடுத்த ஜெராக்ஸ் பிரதிகளைப் பையைவிட்டு எடுக்காமலே வைத்திருந்தேன். இவர்களுக்குக் கதை புரியவில்லை; ஹார்டுவேர் கடைக்காரருக்கு நிலாவைப் பற்றி என்ன தெரியும் என்றெல்லாம் மனசுக்குள் வழக்கு நடந்தது. வழக்கில் நானே வக்கீல், நானே ஜட்ஜ். தீர்ப்பு எனக்குத்தான் சாதகம்.

ஒருநாள் லேபில் இரத்தம் நிரப்பிய டியூப்களைச் சுழல விட்டுவிட்டு, மெஷின் நிற்கும்வரை சும்மா இருக்க வேண்டிய நேரத்தில், பிரதிகளை எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினேன். எடுத்த எடுப்பில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கவில்லை. எங்கே எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் கண்ணில் பட்டது. முதல் பக்கம் நாலு பிரதியிலும் வெள்ளையாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நிலாவுக்குக் கீழே அண்ணனின் ஒரு கோடு. மூன்றாம் பக்கத்தில், அந்த அம்மாள் வருகிற இடத்தில் மட்டும், ஓரமெல்லாம் எழுத்து. தீதி அவசரத்தில் இந்தி எழுத்தில் ‘இவங்க யார்?’ என்று தமிழிலேயே கேட்டிருந்தார். அண்ணன், ‘வாந்தி சரி’ என்று எழுதி டிக் போட்டிருந்தார். சார் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து, ‘கதை இங்கே தொடங்குகிறதோ?’ என்று கேட்டிருந்தார். கச்சால் பெண் எதுவும் எழுதவில்லை. ஒரு போத்து வரைந்து, அதன் நுனியில் இரண்டு சின்ன இலை வைத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

ஒரே மாதிரி நாலு ரிப்போர்ட் வந்தால் நோயாளியிடம் நான் என்ன சொல்வேன்? மெஷின் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

திருத்த உட்கார்ந்தேன். முதல் திருத்தம் மகா மோசம். எல்லோர் மனமும் கோணாமல் ஆளுக்கு ஒரு கரண்டி பரிமாறினேன். அண்ணனுக்காக டீசல் வாசனை, சாப்பாட்டு வரிசை. தீதிக்காகக் கதாநாயகியின் கண்ணீரைத் துடைத்து, அதற்குப் பதிலாக ‘பெருமூச்சு விட்டாள்’ என்று கதை முழுக்க எழுதினேன். கச்சால் பெண்ணுக்காக அந்த அம்மாளை மறுபடியும் மேலே வரவழைத்துப் போத்து நடும் முறையை ஒரு பத்தி சொல்ல வைத்தேன். சாருக்காக முதல் இரண்டு பக்கங்களையும் தூக்கி நடுவில் வைத்தேன். கடல் வரியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அது அப்படியே கடைசியில் இருந்தது.

அடுத்த முறை அதைப் படித்தபோது, எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். மரியாதை வந்தாலே கதை போச்சு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க” என்றாள் கச்சால் பெண். “இது நாங்க எல்லாரும் சேந்து எழுதுன மாதிரி இருக்கு. நீங்க எழுதுனது எங்க?”

“கிச்சடி” என்றார் தீதி, ரொம்ப அன்பாக.

அந்தப் பெண் இன்னும் எதையோ சொல்லத் தயங்குவது தெரிந்தது. சார், “சொல்லுங்க” என்றார்.

“கடைசி வரிதான்... கடல எதுக்கு எல்லாரும் எப்பவும் பேயாவே எழுதுறீங்க? எங்க ஊருல சுனாமி வந்துச்சு. நான் அப்ப பொறக்கல. எங்க அம்மாவுக்கு அதப் பத்திப் பேச ஏலாது, பேச்ச மாத்திரும். ஆனா எங்க அப்பா ரப்பர் வேல முடிஞ்சா தூண்டிலத் தூக்கிக்கிட்டு அந்தக் கடலுக்குத்தான் போகும். மீன் கெடச்சா பாட்டுப் பாடிக்கிட்டே வரும். ரெண்டும் ஒரே கடல்தானே அக்கா?”

அன்றைக்குக் காதில் விழாததுபோல இருக்க மழைகூட இல்லை. விதியை மீறி நான் வாயைத் திறந்தேன்.

“அந்த வரி போகட்டும்” என்றேன்.

சார் தடுக்கவில்லை. பேனாவை எடுத்து அங்கேயே, அவர்கள் முன்னாலேயே அடித்தேன். வலிக்கும் என்று நினைத்தேன். இறுக்கமான செருப்பைக் கழற்றியதுபோல இருந்தது.

வகுப்பு முடிந்து படி இறங்கும்போது தீதி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த அம்மாவை உங்களுக்கே தெரியாது, தீதி. அதான் ப்ராப்ளம். செவ்வாய்க்கிழமை மெயின்லேண்ட் ஜஹாஸ், கப்பல் வருது. சலோ, பாக்கலாம்.”

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஹட்டோ கப்பல் துறையின் கேட்டுக்கு வெளியே, ஆட்டோக்காரர்களுக்கு நடுவில் இரண்டு பேரும் நின்றோம். யாரையோ வரவேற்க வந்தவர்கள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். தீதி வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

சின்ன வயதில் நானும் அந்தக் கப்பலில் எத்தனையோ முறை வந்திருக்கிறேன். பிறகு விமானம் என்றாகி, கப்பலிலிருந்து ஆட்கள் இறங்குவதைப் பார்த்தே பல வருஷமாகிவிட்டது. அழுக்கும் அலுப்புமாக வரிசை வரிசையாக ஆட்கள் வருவார்கள் என்றுதான் நினைத்தேன். அழுக்கும் இருந்தது, அலுப்பும் இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டு வந்தார்கள். தலை கலைந்து, கால் இன்னும் ஆடிக்கொண்டிருக்க, கரையில் நின்ற சொந்தக்காரர்களைக் கண்டதும் கேட்டிலிருந்தே கத்தினார்கள். ஒரு ஆள் கண்ணாடி பீரோக் கதவை மட்டும் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு பெண் பிளாஸ்டிக் வாளி நிறையச் சின்ன வெங்காயம் வைத்திருந்தாள்.

பிறகு ஒரு அம்மாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோல ஒரு வெட் கிரைண்டரின் கல்லை வைத்திருந்தாள். பின்னால் மகன் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆட்டோவுக்காக எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பயணம் எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“அத ஏன் கேக்குற தாயி! ஏறுனதுலேருந்து வாந்தி” என்றாள், வாயெல்லாம் பல்லாக. “இந்தக் கல்ல மட்டும் கால் நடுவுல புடிச்சுக்கிட்டே படுத்துக் கெடந்தேன். உருண்டு போச்சுன்னா? மருமக இங்க கடையில மாவு வாங்குதாம். பாக்கெட்டு மாவு! நான் உசுரோட இருக்கையில?”

“அம்மா, ஆட்டோ!” என்றான் மகன்.

“இருடா. பேசிக்கிட்டு இருக்கேன்ல” என்றவள், எங்களைப் பார்த்து, “வீடு எங்க ஒங்களுக்கு? ஒரு நா வாங்க, தோச சாப்புட” என்றாள். எந்த வீட்டுக்கு வருவது என்று சொல்லாமலே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். கல் அவள் மடியில் போனது.

தீதியும் நானும் கடலைப் பொட்டலத்தோடு அங்கேயே நின்று சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். என் கதையில் வருகிற அம்மாள் வாந்தி எடுத்தாள், சரி. அதன் பிறகு அவள் என்ன செய்தாள் என்று நான் பார்க்கவே இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து சாக்கில் தண்ணீர் தெளித்திருப்பாள். பக்கத்து பங்க்குக்காரரைப் போத்துக்குக் காவல் வைத்திருப்பாள். கப்பல் முழுக்க அவளைத் தெரிந்திருக்கும்.

அந்த வாரம் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அடுப்படி மேசையில் உட்கார்ந்து எழுதினேன். குக்கர் விசிலுக்கு நடுவில் எழுதினேன். முதல் இரண்டு பக்கங்களும் போயின. நிலா போனது. மல்லிப்பூ போனது. கணவனைப் பிரிந்த கதாநாயகி முழுசாகப் போகவில்லை. அந்த அம்மாளுக்கு எதிர் பங்க்கில் படுத்திருக்கும் ஒரு பெண்ணாகச் சின்னதாகிப்போனாள். அவளிடம் அம்மாள், “நான் சாப்பாட்டு லைனுக்குப் போயிட்டு வாரேன், இதுக்குக் கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கிட்டு இரு” என்று போத்தைக் கொடுக்கிறாள். அந்தப் பெண் தன் துக்கத்தை மறந்து சாக்கை நனைக்கிறாள். அவள் அழுதாள் என்று எங்கேயும் எழுதவில்லை. அந்த அழுகையைத் தீதிக்கு மிச்சம் வைத்திருந்தேன்.

எழுதுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று முதல் பிரதியில் எனக்குத் தெரியவில்லை. அதை எழுதியபோது நான் எப்படி எழுதுகிறேன் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த அம்மாள் அடுத்து என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன். ஒருநாள் இட்லி மாவு பொங்கி மேசையில் வழிந்தது. கணவர் துடைத்தார். கேள்வி கேட்கவில்லை.

மூன்றாவது முறை படிக்கப்போன அன்று, வகுப்பு தொடங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நிற்கிற மாதிரி தெரியவில்லை. டீயும் தீர்ந்துவிட்டது.

“நாற்காலிய நகத்திப் போடுங்க” என்றார் அண்ணன். முழங்கால் முட்டுகிற அளவுக்கு நெருங்கி வட்டமாக உட்கார்ந்தோம். தகரத்தை மீறிக் கத்திப் படித்தேன். கதை கேட்டவர்களும் கத்தித்தான் சிரித்தார்கள். சாப்பாட்டு வரிசையில் அம்மாள் முன்னால் நிற்பவரோடு சண்டை போடும் இடத்தில் அண்ணன் தொடையைத் தட்டினார். “இவள எனக்குத் தெரியும்! இவ எங்க கடைக்கு வந்திருக்கா!” தீதி புடவை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். படித்துக்கொண்டே அதை ஓரக்கண்ணால் பார்த்தேன். இரத்தப் பரிசோதனையில் எந்த ரிசல்ட்டும் எனக்கு அவ்வளவு திருப்தி தந்ததில்லை.

கடைசி வரியில் மட்டும் தகராறு. ‘இரண்டில் ஒன்று துளிர்த்தது’ என்று முடித்திருந்தேன்.

சார் யோசித்தார். “கரையில கப்பல் கயிற இழுத்துக் கட்டுற இடத்துலயே கத முடிஞ்சிருது. பிழைச்சுதா இல்லையான்னு வாசகர்கிட்ட விட்டுடலாமே?”

“எதுக்கு விடணும்?” என்றார் அண்ணன். “பொழச்சுட்டுப் போகட்டுமே சார், உங்களுக்கு என்ன செலவு?”

“ரெண்டும் பொழச்சிருக்கலாம்” என்றாள் கச்சால் பெண்.

“ஏக் காஃபி ஹை, ஒண்ணே போதும்” என்றார் தீதி.

நான் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். சார் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் சொன்னது நல்ல கதையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அந்த வரியை வைத்துக்கொண்டேன். சொன்னதையெல்லாம் கேட்பது திருத்தம் இல்லை என்று கிச்சடி எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அதைச் சாரிடம் சொன்னபோது அவர் கைகூப்பிச் சிரித்தார். “இதுக்கு மேல நான் சொல்லித்தர எதுவும் இல்ல. ஆனா அந்த வரி வேண்டாம்தான்.”

கச்சால் பெண் கேட்டுக்கொண்டதால், கதையை அவள் போனில் பதிவுசெய்துகொள்ள விட்டேன். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புகிறேன் என்றாள். அங்கே நெட்வொர்க் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று கேட்கவே நாங்கள் மறந்துபோனோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் படியில் ஓடி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பு.

“அக்கா, அம்மா கத கேட்டுச்சு! அப்பாவ உக்கார வச்சு ரெண்டு தடவ கேட்டுச்சாம்.”

“என்ன சொன்னாங்க?” என்றேன். லேபில் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

“கதயப் பத்தி ஒண்ணும் சொல்லல” என்றாள். “அந்தம்மா எந்தப் பக்கம் எறங்குச்சு, கச்சாலுக்கு எப்பவாச்சும் வருமான்னு கேட்டுச்சு. நான், ‘அம்மா, அது அக்கா எழுதுன ஆளு’ன்னேன். ‘அது இருக்கட்டும், வந்தா வேற எங்கயும் போக வேணாம், நம்ம வீட்டுல தங்கச் சொல்லு’ன்னு சொல்லிருச்சு.”